கர்னலை மாற்றிய வாரம்

என் மாமனார் ராணுவத்தின் ரேடியோத் தொடர்புப் பிரிவில் கர்னலாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்று ஒன்பது வருடங்களாகியும் அந்தப் பட்டம் அவரை விட்டுப் போகவில்லை. எதிர் வீட்டுக்காரர் கர்னல் என்பார், மருந்துக் கடைக்காரர் கர்னல் என்பார். என் கணவர்கூட நேரில் அப்பா என்று கூப்பிட்டாலும், அவர் அந்தப் பக்கம் போனதும் "கர்னல் சாப்பிட்டாச்சா?" என்றுதான் என்னிடம் விசாரிப்பார். நான் மட்டும்தான் மாமா என்று கூப்பிடுவேன்.

முழங்காலில் அறுவைச் சிகிச்சை முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்து அவருக்கு மூன்று மாதம் ஆகியிருந்தது. தொந்தரவு என்று சொல்ல ஒன்றுமில்லை. காலை ஐந்து மணிக்குத் தன் படுக்கையை மடிப்பார், ஐந்தரைக்கு எங்கள் செருப்புகளை அளவு வாரியாக அடுக்குவார். ஒருமுறை குளிர்சாதனப் பெட்டியிலிருந்த பொருள்களை உயர வரிசைப்படி நிறுத்திவைத்துவிட்டார். பாலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட வெண்ணெயை நான் இரண்டு நாள் தேடினேன்.

நான் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். மொத்தம் ஏழு. பெரும்பாலும் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து லாப்டாப் வழியாகவே வேலையை முடித்துவிடுவேன். நிலையத்தின் சொந்தக்காரர் ஒரு டாக்டரம்மா. நல்லவர், ஆனால் கோபம் வந்தால் குரல் உயராது, தாழ்ந்துவிடும். தாழத் தாழக் கோபம் அதிகம் என்று அர்த்தம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை டாக்டரம்மாவின் குரல் ஏறக்குறையக் கேட்கவே இல்லை. வரவேற்பில் இருக்கும் பெண் தன் அக்காவின் நிச்சயதார்த்த வீடியோவைப் பென் டிரைவில் கொண்டுவந்து, அலுவலகக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஓய்வு நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான்கு கோணங்களில் எடுத்த ஆறு மணி நேர வீடியோ. டிஸ்க் நிரம்பி, ஒருவருடைய சர்க்கரை அளவு பதிவாகாமல் போய்விட்டது. அவரைத் திரும்ப வரச்சொல்லி இரண்டாவது முறை ஊசி குத்த வேண்டியதாயிற்று. அவர் முதல் முறையே மயங்கி விழுந்தவர்.

டாக்டரம்மா நிலையத்திலிருந்த பென் டிரைவ்களையெல்லாம் பறித்துத் தன் மேசை டிராயரில் பூட்டினார். பிறகு எனக்குப் போன் செய்து, இனி எந்தக் கம்ப்யூட்டரிலும் பென் டிரைவ் வேலை செய்யக்கூடாது என்றார். தடுத்து வைப்பதற்குச் சின்ன வழிகள் இருக்கின்றன என்று சொன்னேன். சின்ன வழியை யாராவது ஒரு நாள் திறந்துவிடுவார்கள், அடியோடு எடுத்துவிடு என்றார்.

அடியோடு என்றால் கர்னலில் கைவைக்க வேண்டும். கம்ப்யூட்டரைத் திறந்ததும் முதலில் எழுந்து, யார் யார் உள்ளே வரலாம், யாருக்கு என்ன வேலை என்று தீர்மானிக்கிற அடிப்படை நிரலுக்குக் கர்னல் என்று பெயர். அந்தப் பெயரை நான் வைக்கவில்லை. எங்கள் நிலையத்தின் கர்னலை நான்தான் கட்டினேன், ஆனால் கட்டி நான்கு வருடமாகிவிட்டது. எப்படியும் புதிதாகக் கட்ட வேண்டிய காலம். அப்படியே பென் டிரைவுக்கான பகுதியை மட்டும் விட்டுவிட்டுக் கட்டினால் தீர்ந்தது.

புதன்கிழமை மதியம், இதே வேலை செய்கிற என் சிநேகிதியிடம் போனில் யோசனை கேட்டேன். சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே, போனை ஸ்பீக்கரில் போடாமல் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினேன். அதனால் வீட்டில் இருப்பவர்களுக்கு நான் பேசியது மட்டும்தான் கேட்டிருக்கும். நான் பேசியது இதுதான்:

"கர்னல் ரொம்பப் பழசாயிடுச்சுடி. தேவையில்லாததை எல்லாம் சுமந்துக்கிட்டு, இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்கு. இதுக்கு மேல அதை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? டாக்டரம்மாகிட்ட கேட்டேன், அவங்களும் எடுத்துடுன்னுட்டாங்க. ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் முடிச்சுடுவேன். திங்கக்கிழமை காலைல பழசு இருக்காது."

மாமா அப்போது பால்கனியில் தன் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். முழங்காலுக்கு அவர் போய்க்கொண்டிருந்ததும் ஒரு டாக்டரம்மாவிடம்தான் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் எனக்குத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை அவர் சாப்பாட்டில் இரண்டாவது கரண்டி வேண்டாம் என்றார். தன் தட்டைத் தானே கழுவினார், பிறகு என் தட்டையும் கழுவினார். கூடத்தில் அவருடைய நாற்காலியைச் சுவரோடு சுவராகத் தள்ளிப் போட்டுக்கொண்டார். எதற்கு என்று கேட்டதற்கு, இடத்தை அடைக்க வேண்டாமே என்றார். முழங்காலுக்கு நல்லது போலிருக்கிறது என்று நினைத்து நானும் விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை கர்னலைக் கட்ட உட்கார்ந்தேன். கட்டுவதற்கு முன் திரையில் ஒரு பட்டியல் விரியும். அதில் ஆயிரக்கணக்கான வரிகள். ஒவ்வொரு வரியும் ஒரு கருவி அல்லது ஒரு வசதி. வேண்டும் என்றால் ஒரு எழுத்தை அழுத்த வேண்டும், வேண்டாம் என்றால் இன்னொன்றை. சில வரிகள் கதவு மாதிரி. திறந்தால் உள்ளே இன்னொரு நூறு வரி இருக்கும். வெளியிலிருந்து செருகுகிற கருவிகளுக்கெல்லாம் பொதுவான யூஎஸ்பி என்பது அப்படிப்பட்ட ஒரு கதவு. அதைத் திறந்து உள்ளே போனால்தான் பென் டிரைவுக்கான வரி வரும்.

நான் கதவு வரியில் நின்றேன். அதே நேரத்தில் மாமா எனக்கு எதிரில் வந்து நின்றார். இஸ்திரி போட்ட சட்டை, மெருகேற்றிய ஷூ.

"திங்கக்கிழமை காலைல எட்டு மணி பஸ்ல தங்கச்சி வீட்டுக்குப் போறேன்மா. டிக்கெட் எடுத்தாச்சு. யாருக்கும் கஷ்டம் வேண்டாம்."

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. அவருக்கும் அவர் தங்கைக்கும் பதினொரு வருடமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. காரணம் ஒரு தையல் மிஷின். என்ன திடீரென்று என்று கேட்டேன். காலம் வந்தால் போக வேண்டியதுதானே என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். நான் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் விரல் மட்டும் தன் வேலையைச் செய்தது. வேண்டாம் என்ற எழுத்தை அழுத்தியது.

திரும்பித் திரையைப் பார்த்தபோது, பென் டிரைவ் வரியில்தான் அழுத்தினேன் என்று நினைத்துக்கொண்டேன். இருந்தாலும் நான் பொறுப்பில்லாதவள் இல்லை. தேடிப் பார்த்தேன். பென் டிரைவ் இருக்கிறதா என்று கேட்டதற்கு இல்லை என்று பதில் வந்தது. அது உண்மைதான். கீபோர்டு இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் உண்மையைத்தான் சொல்லியிருக்கும்.

கட்டிய கர்னலை என் லாப்டாப்பில் போட்டுச் சோதித்தேன். பென் டிரைவைச் செருகினேன். அசைவே இல்லை. என் லாப்டாப்பின் கீபோர்டு உடம்போடு ஒட்டியது, யூஎஸ்பி வழியாக வருவது இல்லை. வைஃபையும் அப்படித்தான். அதனால் எல்லாம் ஒழுங்காக வேலை செய்தன. எனக்கு அவ்வளவு சந்தோஷம். டாக்டரம்மாவுக்கு, இனி எதைச் செருகினாலும் கம்ப்யூட்டர் திரும்பிக்கூடப் பார்க்காது என்று செய்தி அனுப்பினேன். வாழ்க்கையில் நான் சொன்ன வார்த்தை அவ்வளவு முழுசாகப் பலித்ததில்லை.

அன்று மாலை என் கணவரிடம் மாமா விஷயத்தைச் சொன்னேன். அவர் நீச்சல் சொல்லித் தருகிறவர். எதற்கும் பதற்றப்பட மாட்டார், தண்ணீரில் இருந்து பழகிவிட்டது. வயதானால் தங்கை நினைப்பு வரும், போய்விட்டு வரட்டும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நிலையத்துக்கு விடுமுறை. வீட்டிலிருந்தே ஏழு கம்ப்யூட்டர்களுக்கும் புதிய கர்னலை அனுப்பினேன். பழையதும் புதியதும் சேர்ந்திருக்க இடம் போதவில்லை என்பதால் பழையதை அழித்தேன். திங்கள் காலை ஆறு மணிக்கு எல்லாம் தாமாக ஒருமுறை அணைந்து எழும்படி நேரம் குறித்தேன்.

திங்கள் காலை ஆறே முக்காலுக்கு வரவேற்புப் பெண் போன் செய்தாள்.

"அக்கா, கீபோர்டு செத்துப்போச்சு. மவுஸும் செத்துப்போச்சு. பக்கத்து கம்ப்யூட்டர்லேர்ந்து எடுத்துப் போட்டேன், அதுவும் செத்துதான் இருக்கு."

பார்கோடு படிக்கிற கருவி என்று கேட்டேன். இல்லை. ரத்தக் குழாயில் ஒட்டும் லேபிளை அச்சடிக்கிற பிரின்டர்? இல்லை. வீட்டிலிருந்து உள்ளே நுழையப் பார்த்தேன், முடியவில்லை. அந்தக் கட்டடத்தில் கம்பி இழுக்க வழியில்லாமல் ஏழு கம்ப்யூட்டருக்கும் வைஃபை குச்சிகளை நான்தான் செருகிவைத்திருந்தேன். அவையும் யூஎஸ்பி. கண்ணும் காதும் கையும் ஒரே எழுத்தில் போய்விட்டன. வெள்ளிக்கிழமை என் விரல் அழுத்தியது பென் டிரைவ் வரியில் இல்லை, யூஎஸ்பி என்ற கதவிலேயே.

"வெயிட் பண்றவங்க எத்தனை பேர்?"

"நாப்பது பேர் இருப்பாங்கக்கா. எல்லாரும் வெறும் வயித்தோட வந்திருக்காங்க. ஒருத்தர் என்னையே ஒரு மாதிரி பாக்கறார்."

கணவர் ஐந்தரைக்கே வண்டியை எடுத்துக்கொண்டு நீச்சல் குளத்துக்குப் போய்விட்டார். வாசலில் ஒரு டாக்ஸி நின்றது. மாமாவின் பெட்டியை டிரைவர் பின்னால் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் லாப்டாப்பைக் கட்டிக்கொண்டு ஓடிப்போய் உள்ளே உட்கார்ந்தேன். முதலில் என்னை விட்டுவிட்டுப் பிறகு பஸ்ஸுக்குப் போகலாம், பெரிய ஆபத்து மாமா, நாற்பது பேர் பட்டினி என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். டிரைவரிடம் நிலையத்தின் விலாசத்தைச் சொல்லச்சொன்னார்.

நிலையத்தின் வாசலில் கூட்டம் படி வரைக்கும் வந்திருந்தது. பசியோடு இருக்கும் நாற்பது பேர் ஒரே அறையில் எழுப்பும் சத்தம் தனி. மாமா அதை ஒரு பார்வை பார்த்தார். பெட்டியை டாக்ஸியிலேயே விட்டுவிட்டு இறங்கினார். நான் உள்ளே போய் முதல் கம்ப்யூட்டரின் எதிரில் உட்காருவதற்குள், அவர் நாற்காலிகளை நான்கு வரிசையாகப் போட்டுவிட்டார். எத்தனை மணிக்குக் கடைசியாகச் சாப்பிட்டீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, அதிகப் பட்டினி முன் வரிசை என்று உட்காரவைத்தார். லேபிள்களைக் கையால், அச்சு மாதிரி எழுத்தில், எழுத ஆரம்பித்தார். வரவேற்புப் பெண் பசை தடவி ஒட்டினாள். இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒருவர் கேட்டதற்கு, முப்பத்தெட்டு நிமிடம் என்று பதில் சொன்னார். அந்தக் கணக்கு அவருக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அவர் சொன்ன விதத்தில் எனக்கே அது கட்டளையாகிவிட்டது.

டாக்டரம்மா வந்தார். என் பக்கத்தில் வந்து, உதடு மட்டும் அசைய, என்ன ஆயிற்று என்றார்.

"கர்னல்தான் டாக்டர். யாரையும் உள்ளே விடமாட்டேங்குது."

டாக்டரம்மா வாசலைத் திரும்பிப் பார்த்தார். அங்கே மாமா, வரிசையை மீறி வந்த ஒருவரை இரண்டு விரலால் பின்னால் அனுப்பிக்கொண்டிருந்தார்.

"பார்த்தேன். ரொம்ப நல்லா பண்றார். யாரு அவரை அனுப்பினது?"

"ஐயோ, அவர் இல்ல டாக்டர். அவர் என் மாமனார். நான் சொல்றது கம்ப்யூட்டருக்குள்ள இருக்கற கர்னல். பழைய கர்னலைத் தூக்கிட்டுப் புதுசு போட்டேன்ல, அதுலதான் தப்பு. பழசே நல்லா இருந்துச்சு. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

லேபிள் எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. மாமா பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"கம்ப்யூட்டருக்குள்ள கர்னலா?"

ஆமாம் என்றேன். புதன்கிழமை போனில் பேசியது அந்தக் கர்னலைப் பற்றியா என்று கேட்டார். அப்போதுதான் நான் பேசிய ஒவ்வொரு வாக்கியமும் வரிசையாக என் காதில் ஒலித்தது. இடத்தை அடைத்துக்கொண்டு. டாக்டரம்மாவும் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை காலை இருக்காது. மேசைக்கடியில் போய் உட்கார்ந்துவிடலாமா என்று தோன்றியது. அங்கே ஏற்கனவே நிறைய ஒயர்கள் இருந்தன.

"மாமா, சத்தியமா உங்களைப் பத்தி இல்ல."

"மத்ததெல்லாம் பரவாயில்லம்மா. பழசுன்னா பழசுதான். ஆனா 'கிடக்கு'ன்னு சொன்னே பாரு, அதுதான் அஞ்சு நாளா தூங்க விடல. முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ்ல எதிரிகூட என்னை அஃறிணையில பேசினதில்ல."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. டாக்டரம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. மாமா மணியைப் பார்த்து, இருபத்தொன்பது நிமிடம் பாக்கி, வேலையைப் பார் என்று சொல்லிவிட்டு வரிசைக்குத் திரும்பினார்.

வழி ஒன்றுதான். கம்ப்யூட்டரைத் திறந்த முதல் சில நொடிகளில் கர்னல் இன்னும் எழுந்திருக்காது. அந்த இடைவெளியில் கீபோர்டும் யூஎஸ்பியும் கொஞ்சம் உயிரோடு இருக்கும். அப்போது வெளியிலிருந்து வேறொரு கர்னலைக் கொடுத்து எழுப்பிவிட்டால், உள்ளே புகுந்து சரிசெய்துவிடலாம். அதைப் பென் டிரைவில் வைத்துத்தான் கொடுக்க முடியும்.

இதை டாக்டரம்மாவிடம் சொல்வதற்கு நான் மூன்று முறை மூச்சு விட்டேன். அவர் டிராயரின் பூட்டைத் திறந்தார். உள்ளே மூன்று பென் டிரைவ்கள். எதை எடுத்தாலும் அதிலுள்ளது அழிந்துவிடும் என்று எச்சரித்தேன். முதலாவது நிச்சயதார்த்தம், வரவேற்புப் பெண் கண்ணைக் கசக்க ஆரம்பித்தாள். இரண்டாவது ரத்தம் எடுக்கிறவர் பரீட்சைக்குச் சேர்த்துவைத்த பாடங்கள். மூன்றாவது கிடார் வடிவத்தில், சிவப்பு நிறத்தில் இருந்தது. யாருடையது என்று கேட்டேன். வரவேற்புப் பெண் ரத்தம் எடுக்கிறவரைப் பார்த்தாள், அவர் அவளைப் பார்த்தார்.

"அது என்னோடது. அழிச்சுக்கோ," என்றார் டாக்டரம்மா.

அதில் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் கிடையாது.

ஆனால் என் லாப்டாப்பும் அதைத் திரும்பிப் பார்க்க மறுத்தது. நான் கட்டிய அருமைக் கர்னல் அதிலும்தான் ஓடிக்கொண்டிருந்தது. நல்லவேளை, என் லாப்டாப்பில் பழையதை அழிக்கவில்லை. பழையதைக் கொண்டு அதை எழுப்பி, பென் டிரைவைத் தயார் செய்து, முதல் கம்ப்யூட்டரில் செருகினேன். கருப்புத் திரையில் எழுத்துகள் ஓடின. கீபோர்டின் ஓரத்தில் குட்டிப் பச்சை விளக்கு எரிந்தது. வரவேற்புப் பெண் கை தட்டிவிட்டாள். பட்டினியாக உட்கார்ந்திருந்தவர்களும், எதற்கென்று தெரியாமலே, கூடத் தட்டினார்கள்.

பழைய கர்னலைத் திரும்ப வைத்து, பிரின்டரிலிருந்து முதல் லேபிள் வெளியே வந்தபோது மாமா சொன்ன முப்பத்தெட்டு நிமிடத்துக்கு மேல் இரண்டு நிமிடம் ஆகியிருந்தது. அவர் கூட்டத்தைப் பார்த்து அந்த இரண்டு நிமிடத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். மற்ற ஆறு கம்ப்யூட்டர்களையும் முடிக்கப் பதினொரு மணியாயிற்று. எட்டு மணி பஸ் எப்போதோ போயிருந்தது. டாக்ஸி டிரைவர் காத்திருந்த நேரத்தில் நாமும் பார்த்துவிடலாமே என்று வரிசையில் உட்கார்ந்து, சர்க்கரை பரிசோதித்துக்கொண்டிருந்தார். நார்மல்.

வீட்டுக்குத் திரும்பும்போது மாமா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, தங்கை வீட்டுக்கு இன்னொரு நாள் போகலாம் என்றார். கட்டாயம் போக வேண்டும் என்றும் சொன்னார், தையல் மிஷினில் கொஞ்சம் தப்பு அவர் பக்கமும் இருக்கிறதாம். நான் பெட்டியைத் தூக்கப் போனபோது தடுத்து, அவரே தூக்கிக்கொண்டு போய்த் தன் அறையில் வைத்தார். மதியம் மூன்றாவது கரண்டியும் வாங்கிக்கொண்டார்.

புதிய கர்னலை அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கட்டினேன். பட்டியலைத் திறந்ததும் மாமா ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு வரியையும் நான் வாய்விட்டுப் படித்து, அது என்ன வேலை செய்கிறது என்று விளக்கிய பிறகுதான் எழுத்தை அழுத்த வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை.

"இவர் யாரு?"

"கீபோர்டைப் பார்த்துக்கறவர் மாமா."

"இருக்கட்டும். அடுத்தவர்?"

"பென் டிரைவ்."

"வெளியே."

யூஎஸ்பியோடு நிறுத்துவார் என்று நினைத்தேன். அவர் நிறுத்தவில்லை. ஜாய்ஸ்டிக் என்கிற விளையாட்டுக் கட்டையைப் பார்த்துக்கொள்பவர் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் என்ன செய்கிறார் என்று கேட்டு வெளியே அனுப்பினார். டிவி ட்யூனர், யாரும் கேள்விப்படாத இருபது வகை நெட்வொர்க் கார்டுகள், தொடுதிரைப் பலகைகள் எல்லாரும் போனார்கள். காலை பத்து மணிக்கு உட்கார்ந்து மதியம் இரண்டரைக்கு எழுந்தோம். நடுவில் என் கணவர் வந்து எட்டிப்பார்த்துவிட்டு, இரண்டு கர்னலும் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார். மாமா அவரையும் வெளியே அனுப்பினார். முடிந்தபோது கர்னலின் அளவு பாதியாகக் குறைந்திருந்தது. கம்ப்யூட்டர்கள் இப்போது முன்னைவிடப் பத்து நொடி சீக்கிரம் எழுகின்றன.

ஒரே ஒரு வரியில்தான் எங்களுக்குள் தகராறு வந்தது. தனிப்பட்டவர்கள் ரேடியோ வைத்துக்கொண்டு ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதற்கான வசதி. இதை எடுத்துவிடலாம் என்று விரலை வைத்தேன். மாமா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்த வரியைத் தானே ஒருமுறை படித்தார்.

"இவர் இருக்கட்டும்மா."

எதற்கு என்று கேட்டேன். இருக்கட்டும் என்றார், அவ்வளவுதான். இன்றைக்கும் அந்த ஏழு கம்ப்யூட்டர்களிலும் ரேடியோவில் பேசுவதற்கான ஏற்பாடு தயாராக இருக்கிறது. இதுவரை யாரும் பேசவில்லை.